கழுகுக்குத் தப்பிய மொட்டைக் காசுகள்

பல் டாக்டரின் வரவேற்பறையில் காத்திருந்த மற்றவர்கள் எல்லோரும் கன்னத்தில் கைவைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் எழுந்து போய்ச் சுவரில் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கி நின்றாள். அங்கே ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டியிருந்தது. உள்ளே நீல வெல்வெட் துணியில் நாலு வரிசையாக நாணயங்கள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பல்வலி போன இடம் தெரியவில்லை. அவற்றில் ஒன்றுகூட ஒழுங்கான காசு இல்லை. ஒன்றின் ஓரம், யாரோ கடித்துத் துப்பிய மாதிரி, பிறை வடிவத்தில் காணாமல் போயிருந்தது. இன்னொன்றில் படம் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக நகர்ந்து பாதி வெளியே விழுந்திருந்தது. மூன்றாவது வரிசை முழுக்க எட்டு வில்லைகள். அவற்றில் எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. அச்சுக்கு அடியில் போகாமலே ஊருக்குள் வந்துவிட்ட வழவழப்பான மொட்டைகள்.

பள்ளிக்கூடத்தில் வாங்கிய முட்டை மார்க்கையெல்லாம் யாரோ தேடியெடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் எப்படி இருக்கும்? அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

இந்த மாதிரிக் காசுகளை வெளியே விடாமல் பிடிப்பதுதான் முப்பத்துமூன்று வருஷம் அவள் பார்த்த வேலை. நாணயச் சாலையில் அச்சு இயந்திரங்கள் தடதடக்கும் கூடத்துக்கு அடுத்த அறை அவர்களுடையது. நடுவில் ஒரு பெல்ட் ஓடும். இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக ஆறு பெண்கள். புதுக் காசுகள் சூடு ஆறாமல் ஓடிவரும். பாதி தூரத்தில் ஒரு தகடு அவற்றைக் குப்புறப் புரட்டிவிடும். மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும். குறையுள்ளதை விரலால் சுண்டினால் காலடியிலிருக்கும் தகர வாளியில் போய் விழும். வாளி நிறைந்தால் நேரே உலைக்குப் போகும். அவளுக்கு ஒதுக்கியிருந்தது கடைசி நாற்காலி. மற்ற ஐந்து பேரும் விட்டதை அவள் பிடிக்க வேண்டும். அவளும் விட்டால் பிறகு கேட்பார் இல்லை. பைக்குள் விழுந்து, பையின் வாய் தைக்கப்பட்டு, வங்கிக்குப் போய்விடும். அந்த நாற்காலியை யாருக்கும் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷமே அவளுக்குக் கிடைத்தது. பக்கத்திலிருப்பவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே தலைமுடி அளவு கீறலைக்கூடச் சுண்டிவிடுவாள். அதனால் 'கழுகு' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற அன்று கொடுத்த பூச்செண்டில்கூட அவளுடைய சொந்தப் பெயர் இல்லை, கழுகுதான் இருந்தது.

"அடுத்து நீங்கதாம்மா, உள்ள வாங்க," என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். பேச ஆள் கிடைத்தால் விடாதவர். அவள் சட்டத்துக்கு முன்னால் நின்றதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருந்தார். அவளை நாற்காலியில் சாய்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, கன்னத்துக்குள் பஞ்சை அடைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் பேச்சையே ஆரம்பித்தார்.

"காசெல்லாம் பார்த்துட்டு இருந்தீங்க போல. பிடிச்சிருந்துதா?"

"ஊம்," என்றாள். வேறு எந்த எழுத்தும் அந்த வாயிலிருந்து வர வழியில்லை.

"எல்லாம் பிழைக் காசும்மா. ஊர்ல எல்லாரும் நல்ல காசு தேடுவாங்க, நாங்க கோணலாப் போனதைத் தேடுவோம். அந்த மொட்டைங்க இருக்கே, ஒவ்வொண்ணுக்கும் நாயா அலைஞ்சிருக்கேன். ஏழு ஒரே வருஷத்துது. மொட்டைல வருஷமே இருக்காதே, எப்படித் தெரியும்னு கேப்பீங்க. பை பிரிக்கும்போது புதுக் காசோட கலந்து வந்தது, பையில தேதிச் சீட்டு இருந்தது."

அவர் அந்த வருஷத்தைச் சொன்னார். அவளுடைய கால் விரல்கள் செருப்புக்குள் சுருண்டுகொண்டன.

"வலிக்குதா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"அந்த வருஷத்துல ஏழே மாசம், மழை மாதிரி கொட்டியிருக்கு. நாங்க அதுக்குப் பொற்காலம்னே பேர் வெச்சிருக்கோம். ஏன் அப்படின்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியல. நான் பதினாலு பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதி முடிச்சிருக்கேன். இந்த மாசம் எங்க காசு சேகரிக்கிறவங்க சங்கத்துல படிக்கப்போறேன்."

பல்லை அடைத்து முடிக்கும்வரை சங்கத்தின் முழு வரலாறும் அவள் காதில் விழுந்தது. பஞ்சை எடுத்த உடனே அவள் எழுந்து உட்கார்ந்து ஏதோ சொன்னாள். உதடு மரத்திருந்ததால் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"மூணாவது வரிசையில கடைசி மொட்டை போலி."

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். வரவேற்பறைக்குப் போய்ச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்துத் திறந்தார்.

"ஓரத்தை விரலால தடவிப் பாருங்க. கோடு கோடா இருக்கா?"

"இருக்கு."

"அந்தக் கோடு தனியா விழறது இல்ல டாக்டர். மேலேருந்து அச்சு இறங்கி அடிக்கும்போது காசு பிதுங்கி, சுத்தி இருக்கற வளையத்துல போய் மோதும். அப்பதான் ஓரத்துல கோடு விழும். மொட்டைங்கறது அந்த அடியே வாங்காதது. அதுக்கு எங்கேருந்து கோடு வரும்? நல்ல காசை எடுத்து ரெண்டு பக்கமும் யாரோ உக்காந்து தேய்ச்சிருக்காங்க. மத்த ஏழையும் தடவிப் பாருங்க, மழமழன்னு இருக்கும்."

மற்ற ஏழும் மழமழவென்றுதான் இருந்தன. டாக்டர் பல்லடைக்கும் கலவை நிறுக்கும் சின்னத் தராசைக் கொண்டுவந்து எட்டாவதை வைத்தார். எடையும் குறைவாக இருந்தது. பல்வலி இவளுக்கா அவருக்கா என்று சந்தேகம் வரும்படி அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் மெதுவாகத் தன்னுடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே காத்திருந்தவர்களின் பல்வலியை மறந்துவிட்டு, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நூலக மாடியில் கூடுகிற சங்கத்துக்கு அவள் கட்டாயம் வரவேண்டும் என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார். மரத்த வாயால் மறுக்க முடியாமல் அவளும் சரியென்று வந்துவிட்டாள்.

நேரே கணவரின் கடைக்குத்தான் போனாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சின்னக் கடை. மூன்று பக்கச் சுவரிலும் வெறும் சட்டங்கள் காதை நீட்டிக்கொண்டு நிற்கும். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் கல்லாமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"பொற்காலமாமா? ஏழு மாசமா? பதினாலு பக்கமா?"

"சிரிக்காதீங்க. எனக்கு உயிரே போயிடுச்சு."

அந்த ஏழு மாசத்தின் குட்டு உலகத்தில் மூன்றே பேருக்குத் தெரியும். அவர்களில் ஒருவரான அன்றைய மேற்பார்வையாளர் இப்போது உயிரோடு இல்லை. மீதி இரண்டு பேரும்தான் அந்தக் கடைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. ஒரு நாள் காலையில் பெல்ட்டில் ஓடிவந்த காசுகளுக்குச் சுற்றிலும் லேசாகப் பனி படர்ந்த மாதிரி இருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். மறுநாளும் பனி விலகவில்லை. ஒரு மாதத்தில் பேருந்தின் எண்ணைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு ஏறும் நிலைமை வந்துவிட்டது. கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் வீட்டில் ஓர் அத்தை இருந்தாள். கண்ணாடி போட்ட பெண்ணை எவன் கட்டிக்கொள்வான் என்பதில் அந்த அத்தைக்கு அசைக்க முடியாத கருத்து இருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் அந்தப் பேர். கழுகு கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தால் அறை முழுக்கச் சிரிக்கும். கடைசி நாற்காலி கைவிட்டுப் போகும். எனவே அவள் மூச்சுவிடவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதாகப் பாவனை செய்தாள். பளபளவென்று வந்ததையெல்லாம் நல்லது என்று விட்டாள். மொட்டையைப் போலப் பளபளப்பது வேறு எது? எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் தப்பித்துப் போயிற்று.

ஏழாவது மாதம் ஒரு வங்கியிலிருந்து ஒரு பை திரும்பி வந்தது. உள்ளே பதினொரு மொட்டைகள். மேற்பார்வையாளர் கத்தவில்லை. சத்தமில்லாமல் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே சுவரில் கண் பரிசோதனைக்கான எழுத்து அட்டை எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். வருஷத்துக்கு ஒரு தரம் எல்லோரும் அதைப் படித்துக் காட்டுவார்கள்.

"கடைசி வரி வரைக்கும் படி," என்றார்.

அவள் பெரிய எழுத்தில் ஆரம்பித்துக் கடைசி வரிவரை தங்குதடையில்லாமல் படித்தாள். எட்டு வருஷமாகப் பார்த்து மனப்பாடம் ஆகியிருந்தது.

"நல்லாப் படிச்ச," என்றார் அவர். "இன்னிக்குக் காலையிலதான் அட்டையைத் தலைகீழா மாட்டி வெச்சேன். உன் ஞாபக சக்திக்கு ஒரு குறையும் இல்ல. போய்க் கண்ணாடி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் உன் நாற்காலில நான் உக்காந்துக்கறேன்."

அவர் மேலே யாருக்கும் எழுதவில்லை. சொன்னபடியே தானே வந்து பெல்ட் முன்னால் உட்கார்ந்துகொண்டார். அவள் அழுத முகத்தோடு வழியில் கண்ணில் பட்ட முதல் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தாள். கடையில் இருந்தவர் அப்போதுதான் புதிதாகத் தொழில் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு வில்லையாகச் சட்டத்தில் போட்டுப் போட்டு, "இப்ப தெரியுதா, இப்ப தெரியுதா," என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆறாவது வில்லையில் பனி சட்டென்று விலகியது. எதிரே ஒரு முகம், முகத்துக்குக் கீழே ஒரு சட்டை.

"உங்க சட்டையில பொத்தான் ஒரு துளை விலகியிருக்கு," என்றாள். "மேலேருந்தே தப்பா ஆரம்பிச்சிருக்கீங்க."

காலையிலிருந்து அந்தச் சட்டையோடு பத்து வாடிக்கையாளர்களைப் பார்த்திருந்தார் அவர். ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் புதுக் கண்ணாடியோடு வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து காட்டியவளிடம், சட்டத்தின் திருகாணி தளர்ந்திருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். அதற்கடுத்த வாரமும் வரச் சொன்னார். அந்தத் திருகாணி ஆறு மாதம் தளர்ந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு கல்யாணம். கண்ணாடி போட்டவளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற அத்தை, கண்ணாடிக்காரரையே மாப்பிள்ளையாகப் பார்த்து மூக்கில் விரல் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் நூலக மாடிக்குப் போனார்கள். படியேறும்போதே அவள் சொல்லிவிட்டாள்:

"நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்களும் திறக்கக் கூடாது."

"நான் திறக்க மாட்டேன். உன்னாலதான் முடியாது."

மாடி அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் பஸ் ஓட்டுநர், ஒரு பெண் மருந்துக்கடை வைத்திருப்பவர். இரட்டைச் சகோதரர்கள் இருவர் ஒரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். டாக்டர் அவளை அறிமுகப்படுத்தியதும் நடு நாற்காலி காலியாயிற்று. ஆளாளுக்குச் சட்டைப்பையிலிருந்து சின்னச் சின்னப் பொட்டலங்களை எடுத்தார்கள். அவள் ஒவ்வொன்றாக ஓரத்தைத் தடவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறை வெட்டு அசல். தகட்டில் ஏற்கெனவே வில்லை வெட்டியெடுத்த துளைமேல் கத்தி மறுபடி இறங்கினால் இப்படித்தான் வரும். அச்சு இரண்டு தரம் விழுந்த இரட்டை அடியும் அசல். பஸ் ஓட்டுநர் உயிராய் வைத்திருந்த இருதலைக் காசு மட்டும் இரண்டு காசைப் பிளந்து ஒட்டியது. அவர், இந்த ஒட்டு வேலைக்கே தனியாகப் பணம் கொடுக்கலாம், அவ்வளவு சுத்தம் என்று தானே சொல்லிச் சிரித்துவிட்டார். அவளுக்கு உற்சாகம் தலைக்கேறியது. தூக்கியெறிந்த பண்டத்தைப் பட்டுத் துணியில் வைத்துப் பார்க்கும் இவர்களைத் திட்ட வேண்டும் என்றுதான் ஒரு வாரமாக நினைத்திருந்தாள். இப்போது அது நினைவுக்கே வரவில்லை.

பிறகு டாக்டர் கட்டுரையைப் படிக்க எழுந்தார். பதினாலு பக்கம், நடுவில் கையால் வரைந்த வரைபடங்கள். ஏழு மாதத்தில் வெளியே வந்த பிழைக் காசுகளைத் தேதி வாரியாகக் கோடு போட்டிருந்தார். கோடு மலை மாதிரி ஏறி, ஒரே நாளில் சுவர் இடிந்த மாதிரி கீழே விழுந்தது. பக்கத்தில் கணவரின் தோள் குலுங்க ஆரம்பிப்பதை அவள் உணர்ந்தாள். முழங்கைக்கு மேல் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"ஆக, இதுக்குக் காரணம் புதுசா வந்த இயந்திரம்," என்று படித்தார் டாக்டர். "அதைப் பராமரிக்க வேண்டிய மெக்கானிக் பொறுப்பில்லாம இருந்திருக்கணும். ஒரே ஒரு விஷயம்தான் இடிக்குது. மத்த வருஷங்கள்ல வேற உலோகத்துல அடிச்சது, எண்ணெய் பட்டுக் கறுத்தது, இப்படி நிறம் மாறின காசும் நாலஞ்சு வெளிய வந்திருக்கு. அந்த ஏழு மாசத்துல அது ஒண்ணுகூட இல்ல. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

மெக்கானிக் என்ற சொல்லில் அவள் நிமிர்ந்தாள். அந்த மனிதரை அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் மற்றவர்களுக்கு அரை மணி முன்னால் வந்து ஒவ்வொரு அச்சையும் துணியால் துடைத்து, குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டவர். தன் மேல் விழ வேண்டிய பழி அவர் மேல் விழுவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? எழுந்து நின்றாள்.

"டாக்டர், அந்த வருஷம் புது இயந்திரம் எதுவும் வரல. மெக்கானிக் பேர்ல ஒரு தப்பும் இல்ல. காரணம் என் கண்ணு."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பனி, அத்தை, தலைகீழ் அட்டை என்று எதையும் பூசி மெழுகவில்லை. சொல்லச் சொல்லக் குரல் தேறிவந்தது. "கண்ணு மங்கினா உருவம்தான் போகும், நிறம் போகாது. கறுத்தது, மஞ்சளானது எதுவானாலும் தூரத்துலயே தெரிஞ்சுடும், சுண்டிடுவேன். எழுத்து இருக்கா இல்லையாங்கறதுதான் தெரியல," என்று முடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

டாக்டர் கையிலிருந்த தாள்களைப் பார்த்தபடி நின்றார். அவருடைய பதினாலு பக்கத்தை அடித்து நொறுக்கிவிட்டோமே என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. அவரோ, "நிறம் தெரிஞ்சுது, உருவம் தெரியல," என்று தனக்குள்ளே இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து பதினோராம் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். அடுத்த பக்கத்திலும் போட்டார். முகத்தில் வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்தது.

"அம்மா, கண்ணாடி போட்டுட்டு வேலைக்குப் போன தேதி ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு இல்லை. அதுவரை வாயைத் திறக்காமல் பொறுத்திருந்த கணவர் எழுந்து நாளையும் மாதத்தையும் பிசகாமல் சொன்னார். "அன்னிக்குச் சாயங்காலம்தான் நான் திருகாணி தளர்ந்திருக்குன்னு முதல் பொய் சொன்னேன்," என்றார்.

டாக்டர் வரைபடத்தில் விரலை ஓட்டினார். கடைசிப் பிழைக் காசு வந்த பையின் தேதி அதற்கு மூன்று நாள் முந்தியது. மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாட்களில்கூட ஒன்றும் தப்பவில்லை. யாரும் கைதட்டவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு எல்லோரும் அவளுக்கு நெருங்கி வந்துவிட்டார்கள். மருந்துக்கடைப் பெண் அந்த வருஷத்து மொட்டை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டி, எந்த நேரத்தில் இது தப்பியிருக்கும், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டார். பின்னால்தான் என்று அவள் சட்டென்று பதில் சொன்னாள்.

கட்டுரையைத் திருத்தி எழுத டாக்டர் அனுமதி கேட்டார். அவள் ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரியென்றாள். மேற்பார்வையாளர் அவளைக் காட்டிக்கொடுக்காததை நன்றாக எழுத வேண்டும், அத்தையைப் பற்றி அதிகம் வேண்டாம் என்று இரண்டு நிபந்தனை மட்டும் விதித்தாள். அன்றைக்கே பெல்ட்டில் கூட இருந்த ஐந்து தோழிகளையும் தொலைபேசியில் கூப்பிட்டு, முப்பத்துநாலு வருஷத்து ரகசியத்தைத் தானே உடைத்தாள். முதல் நாற்காலிக்காரி, "எங்களுக்கு அப்பவே தெரியும்டி, நீ பேருந்து எண்ணை எங்ககிட்டதானே கேப்ப," என்றாள்.

அடுத்த மாதம் ஐந்து பேரும் நூலக மாடிக்கு வந்து இறங்கினார்கள். டாக்டரின் சட்டத்தை மேஜைமேல் போட்டுக்கொண்டு சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இந்தப் பிறை வெட்டு என்னோடது. நான்தான் விட்டேன்," என்றாள் இரண்டாம் நாற்காலிக்காரி.

"உன்னோடது எப்படி ஆகும்? நீ விட்டாலும் புரட்டற தகட்டைத் தாண்டி என்கிட்டதானே வரும். அது நான் விட்டது," என்றாள் நாலாமவள்.

"எனக்கு ஒண்ணுமே இல்லையா? நானும்தான் முப்பது வருஷம் உக்காந்திருந்தேன்," என்று குறுக்கே வந்தாள் மூன்றாமவள்.

சத்தம் கீழே வாசிப்பறைவரை போய், நூலகர் உதட்டில் விரலை வைத்தபடி படியேறி வந்தார். அவருக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.